எந்தச் சிலுவையைச் சுமக்கச் சொன்னார்?

எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. செத்தவீட்டில் சொல்வார்கள், ஆஸ்பத்திரி வாட்டில் சொல்வார்கள், புருசன் குடித்துவிட்டு அடித்தான் என்று ஒரு பிள்ளை தாய்வீட்டுக்கு ஓடிவந்து அழும்போதும் சொல்வார்கள்: "ஆண்டவர் உனக்குத் தந்த சிலுவை மகள், சுமந்துதானே ஆகவேணும்." சொல்பவர்களில் பெரும்பாலோர் அன்பானவர்கள். வேறு ஆறுதல் எதுவும் வாயில் வராத நேரத்தில் பழகிய ஒன்று வந்துவிடுகிறது. ஆனாலும் அந்தப் பேச்சை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கிறிஸ்தவ விசுவாசத்தின் நடுவில் இருப்பது சிலுவை. அதையே எடுத்து, அடிவாங்குகிறவளைப் பேசாமல் இருக்கவைக்கப் பயன்படுத்தினால், நாம் கும்பிடுகிற கடவுளைப் பற்றியே பொய் சொல்கிறோம்.

மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. சிலுவை என்ன என்பதை விளங்கிக்கொள்ள வேண்டிய அளவுக்கு மேலேயே இந்த மண்ணில் பார்த்துவிட்டோம்.

நான் வளர்ந்த வீட்டில் இரண்டு சிலுவைகள் இருந்தன. அப்பாவின் ஊர் அம்பாறை மாவட்டத்துச் சொறிக்கல்முனை. கல்முனையிலிருந்து கிட்டங்கி கடந்து, வயல்வெளிகளுக்கு நடுவே போகவேண்டிய ஊர். மாரியில் வெள்ளம் ஏறினால் கிட்டங்கி வீதியால் போவது கஷ்டம். அந்த ஊர்க் கத்தோலிக்க ஆலயமே திருச்சிலுவையின் பெயரில்தான் இருக்கிறது, செப்டம்பரில் திருவிழா. அம்மா கல்முனையில் ஒரு மெதடிஸ்த குடும்பம். கலியாணத்துக்குப் பிறகு அப்பாவோடு பூசைக்குப் போனாலும், தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த வெறும் மரச்சிலுவையைத் தன் அறைச் சுவரில் மாட்டியிருந்தார். முன்விறாந்தையில் இருந்தது அப்பாவின் பாடுபட்ட சுரூபம். ஆணி, முள்முடி, விலாக்காயம் எல்லாம் தெளிவாகத் தெரியும். சின்ன வயதில் அதைப் பார்க்கப் பயமாக இருக்கும்.

"அவர் உயிர்த்துட்டார், இன்னும் ஏன் தொங்கவிட்டு வெச்சிருக்கீங்க?" என்று அம்மா கேட்பார். "உயிர்த்த பிறகும் தோமாவுக்குக் காயத்தைத்தானே காட்டினவர்" என்பார் அப்பா. இது வருசத்துக்கு ஒருமுறையாவது, பெரிய வெள்ளி கிட்டவரும்போது, நடக்கும். பகிடியாகத்தான் பேசிக்கொள்வார்கள். ஆனால் சிலுவையைப் பற்றி நான் பிறகு வாசித்ததில் பாதி அந்த இரண்டு வரிகளுக்குள் இருக்கிறது. வெறும் சிலுவை சொல்வது, கொலைகாரர்களுக்குக் கடைசி வார்த்தை கிடைக்கவில்லை என்பதை. பாடுபட்ட சுரூபம் சொல்வது, நடந்த கொலையை யாரும் மூடிமறைக்க முடியாது என்பதை. ஒன்றை விட்டு மற்றதை வைத்துக்கொண்டால் விசுவாசம் கோணலாகிவிடும்.

இப்போது சிலுவையைத் தங்கத்தில் செய்து கழுத்தில் போடுகிறோம். அதனால் அது என்னவாக இருந்தது என்பதை நினைத்துப் பார்ப்பது கஷ்டமாகிவிட்டது. அது ரோமப் பேரரசின் மரண தண்டனை. பெரும்பாலும் அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் ரோமக் குடியுரிமை இல்லாதவர்களுக்கும் உரியது. ஸ்பார்ட்டக்கஸ் தலைமையில் எழுந்த அடிமைகள் கி.மு. 71இல் தோற்கடிக்கப்பட்டபோது, பிடிபட்ட 6,000 பேரைக் கப்புவாவிலிருந்து ரோம் வரைக்கும் அப்பியா வீதியோரத்தில் சிலுவைகளில் அறைந்தார்கள். இயேசு பிறந்த காலத்தை ஒட்டி, கி.மு. 4இல், பெரிய ஏரோது இறந்தபின் யூதேயாவில் கலகம் எழுந்தது. சிரியாவின் ஆளுநர் வாருஸ் படையோடு வந்து சுமார் 2,000 பேரைச் சிலுவையில் அறைந்ததாக யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். 1968இல் எருசலேமின் வடக்கே ஒரு கல்லறையில் கிடைத்த எலும்புப் பெட்டியில், ஒரு மனிதனின் குதிகால் எலும்பு ஆணி குத்தியபடியே இருந்தது. பெட்டியில் அவன் பெயர் யெகோகனான் என்று எழுதியிருந்தது. ஆணி வளைந்திருந்ததால் கழற்ற முடியாமல் அப்படியே அடக்கம் செய்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள்.

இந்தத் தண்டனையின் நோக்கம் ஆளைக் கொல்வது மட்டுமல்ல. கொல்வதற்கு வாள் போதும். ஊருக்கு வெளியே, எல்லோரும் போய்வரும் பாதையோரத்தில், உடுப்பை உருவி, குற்றத்தை ஒரு பலகையில் எழுதி, சாகும் வரை தொங்கவிடுவது பார்ப்பவர்களுக்காக. இதை மட்டக்களப்பு ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1980களின் பிற்பாதியில் இங்கே விளக்குக் கம்பங்களில் ஆட்களைக் கட்டிவைத்துச் சுட்டார்கள். கழுத்தில் அட்டை தொங்கும். அதில் "துரோகி" என்று எழுதியிருக்கும். சந்திகளில் உடல்கள் கிடந்தன. யாரும் எடுக்கக் கூடாது, அழக் கூடாது, கேட்கக் கூடாது. பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு அந்த வழியால் போனார்கள். இயேசுவின் தலைக்கு மேலே "யூதரின் அரசன்" என்று எழுதி மாட்டிய பலகையைப் பற்றி நற்செய்தியில் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அட்டைகள்தான் ஞாபகம் வரும். இயேசு ஏதோ புனிதமான மேடையில் சாகவில்லை. அப்படி ஒரு கம்பத்தில்தான் செத்தார்.

அதனால்தான் ஆதித் திருச்சபைக்குச் சிலுவை ஒரு வெட்கமாகவும் இருந்தது. மரத்தில் தொங்கவிடப்பட்டவன் கடவுளால் சபிக்கப்பட்டவன் என்று பழைய ஏற்பாட்டு நூலான உபாகமம் சொல்கிறது. சிலுவையில் அறையப்பட்ட மெசியா யூதருக்கு இடறல், மற்ற இனத்தாருக்கு முட்டாள்தனம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதும் இதனால்தான். ரோமின் பலத்தீன் குன்றில் பழைய சுவரொன்றில் ஒரு கிறுக்கல் கிடைத்தது. சுமார் 1,800 ஆண்டுப் பழையது. கழுதைத் தலையுள்ள ஓர் ஆள் சிலுவையில் தொங்குகிறான். கீழே ஒருவன் கையை உயர்த்தி நிற்கிறான். "அலெக்சமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்" என்று கேலியாக எழுதியிருக்கிறது. சிலுவையில் தொங்கும் இயேசுவைக் காட்டும் மிகப் பழைய படங்களில் ஒன்று கிறிஸ்தவர் வரைந்ததல்ல, கிறிஸ்தவரைப் பழித்தவன் வரைந்தது. அந்த அலெக்சமெனோஸை நான் அடிக்கடி நினைப்பேன். அவனைப் பற்றி வேறொன்றும் தெரியாது. சிலுவையில் அறையப்பட்ட ஒருவரைக் கும்பிட்டான், அதற்காகக் கேலி செய்யப்பட்டான், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்து வீட்டு மாமி சைவம். பெரிய வெள்ளியன்று, இயேசுவின் பாடுகளைத் தியானித்துப் போகும் சிலுவைப்பாதை ஊர்வலம் எங்கள் ஒழுங்கையால் வரும்போது படலையில் நின்று கும்பிடுவார். ஒருமுறை அவர் நேராகவே கேட்டார்: "அவர் கடவுளெண்டா, கொல்லக்குள்ள ஏன் புள்ள ஒண்டும் செய்யல்ல?"

மறையுரைகளில் கிடைக்கும் பதில்கள் எனக்கு மனப்பாடம். அவற்றில் எதையும் சொல்ல மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக அவருடைய அம்மனைப் பற்றிப் பேசினேன். மாமி ஒவ்வொரு வைகாசியும் செட்டிபாளையம் கண்ணகை அம்மன் கோயிலுக்குப் போவார். சடங்கு நாட்களில் வழக்குரைத்த கதையைப் பாடிப் படிப்பார்கள். மாமி கண்ணீர் விட்டுக் கேட்பார். கதை எல்லோருக்கும் தெரியும். குற்றம் செய்யாத ஒருவனை அரசன் விசாரிக்காமல் கொன்றான். அவன் மனைவி, "இது என் சிலுவை" என்று வீட்டுக்குள் முடங்கவில்லை. சிலம்போடு அரசவைக்குப் போனாள். தீர்ப்புப் பிழை என்று எல்லோருக்கும் முன்னால் காட்டினாள். எங்கள் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் கும்பிடுவது அவளைத்தான்.

சிலுவையும் முதலில் ஒரு பிழையான தீர்ப்பின் கதைதான். இயேசுவில் குற்றம் காணவில்லை என்று ரோம ஆளுநர் பிலாத்துவே சொல்கிறான், பிறகு கையைக் கழுவிவிட்டு ஒப்படைக்கிறான். புதிய ஏற்பாட்டின் திருத்தூதர் பணிகள் நூலில் சீடர் பேதுரு பேசிய ஆரம்பப் பிரசங்கங்களைப் பாருங்கள். "நீங்கள் அவரைக் கொன்றீர்கள், கடவுள் அவரை எழுப்பினார்" என்பதுதான் திரும்பத் திரும்ப வரும் செய்தி. உயிர்ப்பு என்பது ஒரு செத்த உடல் எழுந்த அதிசயம் மட்டுமல்ல. அரசும் ஆலயமும் சேர்ந்து கொடுத்த தீர்ப்பைக் கடவுள் தள்ளுபடி செய்தார் என்ற அறிவிப்பு. கடவுள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. கொன்றவர்களின் பக்கத்தில் நின்று மேலும் பலமாக அடிக்கவில்லை. கொல்லப்பட்டவருக்குள் இருந்தார், பிறகு அவரை எழுப்பினார். பேரரசுகளின் தெய்வங்கள் எல்லாம் வென்றவனின் பக்கம் இருந்த காலத்தில், தோற்றவனின் பக்கம் நின்ற கடவுளைப் பற்றி இந்தச் செய்தி பேசியது.

மாமி கவனமாகக் கேட்டார். அப்புறம், "சரி, கொன்ற ஆக்களுக்கு என்ன நடந்த?" என்றார். கண்ணகையின் கதையில் அரசன் அந்த இடத்திலேயே விழுந்து செத்தான், மதுரை எரிந்தது. எங்கள் கதையில் பிலாத்து அரண்மனைக்குத் திரும்பிப் போய்விட்டான். அவருடைய கேள்விக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் கடனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

சிலுவை ஏன் என்று கேட்டால் எங்கள் சபைகளில் பெரும்பாலும் வரும் விளக்கம் கடன் பற்றியது. மனிதன் பாவத்தால் கடவுளுக்குக் கடன்பட்டான், அதை அடைக்க அவனிடம் வழியில்லை, இயேசு தன் இரத்தத்தால் அடைத்தார். 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் கன்ரபரிப் பேராயர் அன்செல்ம் இந்த விளக்கத்துக்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தார். அவர் பேசியது பிரபுக்களின் காலத்து மரியாதைக் கணக்கு. பிறகு 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகளிடம் அது நீதிமன்றமாகவும் தண்டனையாகவும் மாறியது. இந்த விளக்கத்தில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பாவம் உண்மையானது, அதற்கு விலை உண்டு, அந்த விலையை நம்மால் கொடுக்க முடியாது. இதை அனுபவித்து அறிந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கண்ணீரை நான் மதிக்கிறேன்.

ஆனால் நுண்கடன் எடுத்த பெண்கள் நிறைந்த ஊரில் இந்தப் பிரசங்கத்தைச் செய்யும்போது யோசிக்கவேண்டும். வாரம் தவறாமல் வீட்டு வாசலுக்கு வந்து, தவணைப் பணம் இல்லாவிட்டால் போகமாட்டேன் என்று இரவு வரை குந்திக்கொண்டிருக்கும் ஆளைப் போலத்தான் அந்தக் கடவுள் கேட்பவர்களின் மனதில் வந்து உட்காருவார். யாராவது ஒருவர் இரத்தம் சிந்தினால்தான் அவர் எழும்பிப் போவார். இயேசு "அப்பா" என்று கூப்பிட்ட ஆள் இவர் அல்ல. ஊதாரிப் பிள்ளை திரும்பி வந்தபோது கணக்குக் கேட்காமல் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்த தகப்பனை நமக்குக் காட்டியவர் இயேசு. கொலோசையருக்கு எழுதிய கடிதத்திலும் கடன் பத்திரம் வருகிறது. அங்கே கடவுள் வசூலிக்கவில்லை. பத்திரத்தையே எடுத்துச் சிலுவையில் ஆணியடித்துவிடுகிறார். அதற்கு அடுத்த வசனமே, ஆதிக்கம் செலுத்தும் சக்திகளின் ஆயுதங்களைப் பறித்து அவற்றை ஊரறிய அவமானப்படுத்தினார் என்று சொல்கிறது. அந்த வசனத்தை எங்கள் மறையுரைகளில் நான் அதிகம் கேட்டதில்லை. கேட்க ஆசை.

"தன் சிலுவையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பின்பற்றட்டும்" என்று இயேசு சொன்னார்தான். அதை யாரிடம், எப்போது சொன்னார்? தான் எருசலேமுக்குப் போகப்போவதாகவும், அங்கே அதிகாரத்தில் இருப்பவர்கள் தன்னைக் கொல்வார்கள் என்றும் சொன்ன உடனே, தன்னோடு வர விரும்பியவர்களிடம் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த கலிலேயருக்குச் சிலுவை என்றால் நோய், வறுமை, பொல்லாத புருசன் என்று விளங்கியிருக்காது. ரோமர் அடித்த சிலுவைகளின் கதையைப் பெற்றோரிடம் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். என்னோடு சேர்ந்து ஏழைகளின் பக்கம், ஒதுக்கப்பட்டவர்களின் பக்கம் நின்றால் உங்களையும் கொல்வார்கள், அதற்கும் தயாரா என்பதுதான் கேள்வி. அது விரும்பி எடுத்துக்கொள்வது. வேறொருவன் உன் முதுகில் ஏற்றிவிட்ட அநியாயத்துக்கு இயேசு அந்தப் பெயரைக் கொடுக்கவில்லை.

அவர் நோயாளிகளிடம் எப்படிப் பேசினார் என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். லூக்கா 13ஆம் அதிகாரத்தில் ஒரு பெண், 18 வருசமாகக் கூனிப்போய் நிமிர முடியாமல் தொழுகைக்கூடத்துக்கு வருகிறாள். இத்தனை வருசம் சுமந்தாய், இன்னும் கொஞ்சம் சுமந்துகொள் என்று அவர் சொல்லவில்லை. ஓய்வுநாள் என்றும் பார்க்காமல் கூப்பிட்டு நிமிர்த்துகிறார். நாளைக்கு வரட்டுமே என்று கோபப்பட்டது தொழுகைக்கூடத் தலைவர்தான். லூக்கா 18இல் இன்னொரு பெண். கைம்பெண். நேர்மையில்லாத நீதிபதியிடம், எனக்கு நியாயம் வழங்கு என்று ஓயாமல் போய்க் கேட்டு அவனை அலுப்படையவைக்கிறாள். இயேசு அவளைச் செபத்துக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறார். பொறுமைக்கு அல்ல, விடாமல் கேட்பதற்கு.

அப்படியானால் சிலுவையைத் தூக்கியவர்கள் யார்? வேதாகம காலத்துக்குப் போகத் தேவையில்லை. புளியந்தீவில் புனித மரியாள் பேராலயத்துக்குப் போங்கள். அங்கே பங்குத்தந்தையாக இருந்த சந்திரா பெர்னாண்டோ அடிகளார் மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவின் தலைவராகவும் இருந்தார். பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளைத் தேடி வரும் தாய்மாருக்காக முகாம் வாசல்களில் நின்றார். 1988 ஜூன் 6ஆம் திகதி அந்த ஆலய வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

இன்னொருவர் யூஜின் ஹெபேர்ட் அடிகளார். அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து வந்த இயேசு சபைக் குரு. புனித மிக்கேல் கல்லூரியில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். அந்தக் காலத்து மிக்கேல் பழைய மாணவரிடம் பேச்சுக் கொடுத்தால் விடியும் வரை அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1990 ஆகஸ்டில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்த நாட்களில், வாழைச்சேனையில் அகப்பட்டிருந்த அருட்சகோதரிகளுக்கும் அவர்களிடம் இருந்த பிள்ளைகளுக்கும் உதவப் போனார். போகவேண்டிய கட்டாயம் அவருக்கு இருக்கவில்லை. ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள், மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமல் போனார். கூடப் போன பேற்றம் பிரான்சிஸ் என்ற தமிழ் இளைஞனும் திரும்பவில்லை. உடல்கள் கிடைக்கவில்லை. அவர்கள் இருவரும் தூக்கியதைத்தான் நான் சிலுவை என்பேன். யாரும் அவர்கள்மேல் ஏற்றவில்லை. ஆபத்து வரக்கூடும் என்று தெரிந்தும், மற்றப் பிள்ளைகளுக்காகப் போனார்கள்.

இப்போது மாமியின் கேள்வி. கொன்ற ஆக்களுக்கு என்ன நடந்தது?

இதை எழுதும்போது எங்களுக்குச் சாதகமாக மட்டும் எழுத முடியாது. சிலுவையைப் பார்க்கிற ஒவ்வொரு தமிழ்க் கிறிஸ்தவரும் தன்னைத் தொங்குகிறவரின் இடத்திலேயே வைத்துப் பார்க்கப் பழகியிருக்கிறோம். நற்செய்தியில் வேறு ஆட்களும் நிற்கிறார்கள். ஆணி அடித்தவர்கள், சீட்டுப்போட்டு உடுப்பைப் பிரித்தவர்கள், "அறையும்" என்று கத்திய கூட்டம், பயத்தில் ஓடிய நண்பர்கள். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இரவுத் தொழுகையில் இருந்தவர்களைச் சுட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள், சிறுவர்களும் உட்பட, செத்தார்கள். சுட்டவர்கள் தமிழ் ஆயுதக்காரர்கள். எங்கள் ஆலயங்களிலிருந்து காத்தான்குடி எவ்வளவு தூரம்? கல்லடிப் பாலம் கடந்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். அதற்கு அடுத்த வருசம் எங்கள் சிலுவைப்பாதைச் செபங்களில் அந்த மனிதர்களுக்கு ஓர் இடம் கிடைத்ததா என்று அம்மாவிடம் கேட்டேன். "அப்ப ஆரும் வாய் திறக்கிற நேரமில்ல மகள்" என்றார். உண்மைதான். இயேசு பிடிபட்ட இரவில் பேதுருவும் உண்மையைச் சொல்ல வாய் திறக்கவில்லை.

2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில், அதே மரியாள் ஆலயத்துக்குள், நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கைத் தொடரப்போவதில்லை என்று சட்டமா அதிபர் தரப்பு சொல்ல, 2021 ஜனவரியில் குற்றம் சாட்டப்பட்டிருந்தவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு காலை, மட்டக்களப்புச் சீயோன் தேவாலய முற்றத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே வந்த பிள்ளைகள் பலர் அதில் செத்தார்கள். சந்தேகம் கொண்டு, குண்டோடு வந்த ஆளை உள்ளே விடாமல் வாசலில் மறித்த சபை மனிதர் ஒருவர், தன் உயிரைக் கொடுத்து உள்ளே இருந்த பலரைக் காப்பாற்றினார். அவரும் சிலுவையைத் தூக்கியவர்தான்.

அந்த வாரம் சீயோன் சபையின் போதகர், வேதனையும் கோபமும் இருக்கிறது, ஆனாலும் மன்னிக்கிறோம் என்று பகிரங்கமாகச் சொன்னார். அதைக் கேட்டு நான் அழுதேன். அவருக்கு அதைச் சொல்ல உரிமை இருந்தது. "தந்தையே, இவர்களை மன்னியும்" என்று சொன்னவரும் ஆணியில் தொங்கிக்கொண்டே சொன்னார். சிலுவையைச் சுற்றி நின்ற யாரும் அவரைப் பார்த்து, நீ மன்னித்துவிடு, அதுதான் நல்லது என்று சொல்லவில்லை. இதை நாங்கள் பல நேரம் மறந்துவிடுகிறோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், மன்னித்தால்தான் உனக்குச் சமாதானம் என்று புத்தி சொல்வது சிலுவையின் வேலை அல்ல. மன்னிப்பு காயம்பட்டவர் கையில் இருக்கிறது. வருமோ வராதோ, எப்போது வருமோ, அது அவருக்கும் கடவுளுக்கும் இடையில் உள்ள விசயம்.

மன்னிப்பு வந்தாலும் உண்மை போய்விடாது. உயிர்த்தவர் காயங்களோடு வந்தார். அவரை மறுதலித்த பேதுரு, சில வாரங்களுக்குள் அதே எருசலேமில் நின்று "நீங்கள் கொன்றீர்கள்" என்று பெயர் சொல்லிப் பேசினார். மனம் குத்துண்டவர்கள், நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் மனமாற்றம், திருமுழுக்கு, பாவமன்னிப்பு என்று பேச்சு வருகிறது. உண்மை முன்னால் போகிறது. எனவே மாமிக்கு என் பதில் இதுதான்: கொன்றவர்களை எரிக்க எங்கள் கடவுள் நெருப்பு அனுப்பவில்லை. ஆனால் கொன்றவர்கள் எழுதிவைத்த பொய்யை நிற்கவிடவும் இல்லை. அவர்கள் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்ல ஆட்களை அனுப்பினார், திரும்பி வர வாசலையும் திறந்துவைத்தார். இதை மாமியிடம் சொன்னேன். அவருக்கு முழுத் திருப்தி வரவில்லை. "எங்கட அம்மனெண்டா விட்டிருக்கமாட்டா" என்றார். அவரோடு வாதாட எனக்கு விருப்பமில்லை. நீதிக்கான அந்தப் பசி சரியானது. அது இல்லாமல் சிலுவையைப் பற்றிப் பேசவே கூடாது.

எங்கள் உறவில் ஒரு சின்னம்மா இருக்கிறார். அவருடைய மூத்த மகன் 1990இல் காணாமல் ஆக்கப்பட்டவன். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. பல வருசங்களுக்குப் பிறகு ஒரு செபக்கூட்டத்தில் ஒருவர் அவர் தலையில் கை வைத்து, இந்தச் சிலுவையை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்துவிடுங்கள், இனி தேடாதீர்கள் என்று சொன்னார். சின்னம்மா கையைத் தட்டிவிட்டார். "நான் ஒண்டும் சுமக்கல்ல. நான் என்ட புள்ளயத் தேடுறன்" என்றார். அந்தக் கூட்டத்துக்கு அவர் பிறகு போகவில்லை. பூசைக்கு மட்டும் தவறாமல் வருவார். பெரிய வெள்ளியில் சிலுவையை முத்தி செய்ய வரும் வரிசையில் நிற்பார், நீண்ட நேரம் எடுப்பார், பின்னால் நிற்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

மட்டக்களப்பில் இப்படி எத்தனை பேர். 1990 செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தவர்களில் 158 பேரை இராணுவம் பஸ்களில் ஏற்றிக்கொண்டு போனது. ஒருவரும் திரும்பவில்லை. காந்தி பூங்காவில் படங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தாய்மாரைப் பாருங்கள். மாதா சிலுவையடியில் நின்றார் என்று யோவான் எழுதுகிறார். விழுந்து கிடந்தார் என்றோ, அமைதியாக ஏற்றுக்கொண்டார் என்றோ அவர் எழுதவில்லை. ஆண்கள் பெரும்பாலோர் ஓடிவிட்டார்கள். நின்றவர்கள் பெண்கள். கல்லறையைத் தேடிப் போனவர்களும் பெண்கள்தான். உடலை எங்கே வைத்தார்கள் என்று மகதலா மரியா கேட்டுக்கொண்டிருந்த இடத்தில்தான் உயிர்ப்பின் செய்தி முதலில் வந்தது. தேடுவதை நிறுத்தியவர்களிடம் அது முதலில் வரவில்லை.

எங்கள் பங்கில் வருகிற தவக்காலத்துச் சிலுவைப்பாதைக்கு, நான்காம் தலத்தின் தியானத்தை எழுதும் பொறுப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. இயேசு தாயைச் சந்திக்கும் தலம். பழைய தியானத்தில் "மரியா மறுவார்த்தை பேசாமல் இறைசித்தத்துக்குப் பணிந்தார்" என்று ஒரு வரி இருந்தது. அதை எடுத்துவிட்டேன். பங்குத்தந்தை பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார், பேசினோம், சரி, விடுங்கள் என்றார். அந்த இடத்தில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பெயர்களை அவர்களுடைய தாய்மாரே வாசிக்கட்டும் என்று கேட்டிருக்கிறேன். அதற்கும் சம்மதித்திருக்கிறார். சின்னம்மா வருவதாகச் சொல்லிவிட்டார். மாமி தன் தமையனின் மகன் பெயரைத் தந்திருக்கிறார், அவர்கள் சைவம். ஏறாவூரிலிருந்து ஒரு முஸ்லிம் தாயிடமும் கேட்டிருக்கிறோம். அவர் யோசித்துச் சொல்வதாக இருக்கிறார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், எந்தச் சமயமென்றாலும், பெயரையும் வயதையும் தவக்காலம் தொடங்குவதற்கு முன் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். நீங்களே வந்து வாசிக்க விரும்பினால் அதையும் சொல்லுங்கள். முன் வாங்கில் இடம் ஒதுக்கி வைக்கிறோம்.